ஏழைக்கு இது போதுமா?

"ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் சொல். பழைய உடுப்பைக் கொடுக்கும்போது சொல்கிறோம். கால் ஆடும் கதிரையைக் கொடுக்கும்போது சொல்கிறோம். வாங்குகிறவரும் அதையே சொல்லி வாங்கிக்கொள்கிறார். ஆயினும் இருவர் வாயிலும் அச்சொல்லின் பொருள் ஒன்றன்று. வாங்குபவரிடத்தில் அது பொறுமையின் சொல். கொடுப்பவரிடத்தில் பல வேளைகளில் அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சொல். இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டிய கடமை கிறிஸ்தவ மனச்சாட்சிக்கு உண்டு. இதை விளங்கிக்கொள்ள, இக்காலத்துக்குரிய ஒரு பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது பாவித்துக் கழித்த லித்தியம் பற்றரி.

மடிக்கணினி, மின்சாரச் சைக்கிள், மின்சாரக் கார் ஆகியவற்றில் இருப்பது இவ்வகைப் பற்றரியே. காரில் உள்ள பற்றரி புதிதில் கொண்ட கொள்ளளவில் ஏறக்குறைய 70 முதல் 80 வீதத்துக்கு இறங்கியதும் அதைக் கழித்துவிடுகிறார்கள். காரை ஓட்ட அது போதாது என்பதே காரணம். ஆனால் ஒரு வீட்டின் விளக்கை எரிக்க அது போதாதா? கூரையில் உள்ள சூரியத் தகடு பகலில் தரும் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்க அது உதவாதா? கெட்டிக்காரர் ஒருவர் அதைப் பிரித்து, நல்ல கலங்களைத் தெரிந்தெடுத்து, மீண்டும் கட்டி, குறைந்த விலைக்கு ஓர் ஏழைக் குடும்பத்துக்கு விற்றால் அது நற்செயலா, பழிச்செயலா? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

வன்னி அறிந்த பாடம்

செத்த பொருளை உயிர்ப்பிக்கும் வித்தை வன்னி மக்களுக்குப் புதிதன்று. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோலும் டீசலும் மட்டுமன்றி ரோச் பற்றரியும் இருந்தது. 2002 தை மாதத்தில் தடை தளர்த்தப்படும் வரை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இன்று நாற்பது வயதைத் தாண்டிய எவரும் சொல்லுவர். மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தல் விளக்கு வந்தது. வலுவிழந்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளையிட்டு உப்புநீர் விட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ச் செய்தியும் இலண்டனிலிருந்து வந்த தமிழோசையும் எத்தனையோ குடிசைகளுக்குள் நுழைந்தது இவ்வழியாகத்தான்.

ஜப்பானின் சொனி நிறுவனம் லித்தியம் அயன் பற்றரியை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது 1991ஆம் ஆண்டில். அதாவது, பிற்காலத்தில் (2019இல்) மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசைத் தேடித்தந்த அந்தக் கண்டுபிடிப்பு உலகச் சந்தைக்கு வந்த வேளையில், நம்மவர்கள் ரோச் பற்றரிக்கு உப்புநீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே உலகம், ஒரே ஆண்டு, இரண்டு வாழ்வு!

போர் அழித்த மின்தொடர் 2009க்குப் பின்னரே திரும்ப அமைக்கப்பட்டது. அதன் பிறகும் இருள் நம்மை முற்றாக விட்டுவிடவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்தது. அதே ஆண்டு ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. தொலைபேசிக்கு மின்னேற்ற வழியின்றி உறவினரின் சேதி அறியாது தவித்தவர் பலர். ஆகவே வீட்டிலே சிறிது மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் விரும்பினால் அது ஆடம்பர ஆசையன்று.

கணக்குப் பார்ப்போம். 2014, 2015ஆம் ஆண்டுகளை ஒட்டி இலங்கைக்குப் பாவித்த நிலையில் வந்த நிசான் லீவ் காரின் பற்றரி புதிதில் 24 அலகு மின்சாரம் கொள்ளும். அது 70 வீதத்துக்கு இறங்கினாலும் ஏறக்குறைய 17 அலகு மிஞ்சும். 9 வாற் மின்குமிழ் நான்கை ஐந்து மணிநேரமும், 50 வாற் மின்விசிறி ஒன்றை எட்டு மணிநேரமும் ஓட்டினால் செலவாவது அரை அலகுக்குச் சற்று மேல். இடையில் ஏற்படும் இழப்பைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு காருக்கு உதவாத பற்றரி இருபது வீடுகளுக்கு ஓரிரவு ஒளியும் காற்றும் தரும்.

இதை உலகம் செய்தும் பார்த்திருக்கிறது. 2014இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வுக்கூடத்தார், வீசப்பட்ட மடிக்கணினிப் பற்றரிகளிலிருந்து நல்ல கலங்களை எடுத்து ஒரு சிறு கருவி செய்து, பெங்களூரில் தெருவோர வியாபாரிகளிடம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். வீசப்பட்டவற்றில் குறைந்தது 70 வீதமானவை, நாளுக்கு நான்கு மணிநேரத்துக்கு மேல் ஓராண்டு காலம் ஒரு விளக்கை எரிக்கப் போதிய வலுவுடையன என்று கண்டார்கள். ஹொலந்திலே, ஆம்ஸ்ரடாம் நகரின் பெரிய உதைபந்தாட்ட அரங்கில் 148 லீவ் கார்களுக்கு ஈடான பற்றரிகள், புதியனவும் பழையனவுமாக, 2018இலிருந்து பணிபுரிகின்றன.

வீசியெறியும் பண்பாட்டை மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு தமது 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் கண்டித்தார். ஐயாயிரம் பேர் உண்டு முடித்தபின் மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி பணித்த ஆண்டவரின் சீடர்கள் நாம். மேலும் இப்பற்றரிகள் பலவற்றில் உள்ள கோபால்ட் என்னும் உலோகத்தில் பாதிக்கும் மேற்பட்டது ஆபிரிக்காவின் கொங்கோ நாட்டிலிருந்து வருவது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறுவரும் உழைத்திருக்கின்றனர். ஒரு சிறுவனின் முதுகெலும்பை வளைத்து எடுத்த பொருளை, அரைவாசிப் பயனோடு குப்பையில் எறிவது அவனுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. ஆகையால் பழுதுபார்ப்பது நற்செயல் என்ற பக்கம் வலுவானதே.

ரோச் பற்றரி அன்று

ஆனால் மறுபக்கமும் உண்டு. உப்புநீர் விட்ட ரோச் பற்றரி பிழைத்தால் விளக்கு எரியாது, அவ்வளவே. லித்தியம் பற்றரி பிழைத்தால் வீடே எரியும்.

காரணத்தை எளிதாகச் சொல்லலாம். தொடராக இணைத்த கலங்களில் ஒன்று நலிந்திருந்தால், மின்னேற்றும்போது மற்றவை நிரம்புமுன் அது நிரம்பி வழியும்; பாவிக்கும்போது மற்றவை வெறுமையாகுமுன் அது வெறுமையாகும். இரும்புப் பொஸ்பேற் வகைக் கலம் ஒன்றை 3.65 வோல்ற்றுக்கு மேல் ஏற்றலாகாது. நான்கு கலங்களுக்கு மொத்தம் 14.6. மூன்று கலங்கள் 3.5இல் நிற்க, நான்காவது 4.1க்கு ஏறிவிட்டாலும் மொத்தம் அதே 14.6தான்! வெளியிலிருந்து அளப்பவனுக்கு எல்லாம் சரி. உள்ளே ஒன்று வெந்துகொண்டிருக்கிறது. மிக ஆழமாக வெறுமையாகிக் கிடந்த கலத்தினுள் செம்பு கரைந்து, மீண்டும் மின்னேற்றும்போது உள்ளுக்குள்ளேயே குறுக்குத் தொடுப்பு உண்டாகலாம். சூடு எல்லை கடந்தால் கலம் தன்னைத் தானே மேலும் சூடாக்கும். பக்கத்துக் கலத்தையும் பற்றவைக்கும். எழும் புகை நஞ்சு. தூள் அணைப்பான் சுடரை அடக்கலாம், உள்வெப்பத்தை அடக்காது. அணைந்ததென்று நினைத்த தீ மணிக்கணக்கில் கழித்து மீண்டும் மூளும்.

நியூயோர்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பற்றரித் தீயில் 18 பேர் மாண்டார்கள். அங்கே மின்சாரச் சைக்கிளை நம்பிப் பிழைப்போர் பெரும்பாலும் உணவுப் பொதி சுமக்கும் புலம்பெயர்ந்த ஏழைத் தொழிலாளர். அதே ஆண்டு, பழைய பற்றரிக் கலங்களைக் கொண்டு மீண்டும் பற்றரி கட்டி விற்பதை அந்நகரம் சட்டத்தால் தடைசெய்தது.

ஒரு மனச்சாட்சிச் சிக்கல்

இனி, குருமடங்களில் செய்வதுபோல் ஒரு வழக்கைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். கிளிநொச்சிப் பக்கம் ஓர் இளைஞன் பழைய பற்றரிகளைப் பிரித்துக் கட்டும் தொழில் செய்கிறான். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் தகரக் கூரை வீட்டில் வாழும் ஒரு தாய் அவனிடம் வருகிறாள். புதியது வாங்க அவளிடம் வசதியில்லை. "தம்பி, இருட்டுக்கை இருக்கிறதைவிட இது பரவாயில்லைத்தானே" என்கிறாள். அவன் என்ன செய்ய வேண்டும்?

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் மின்சாரத்தை அறியார், விற்பனையை அறிவார். தமது இறையியல் பெருநூலில், விற்பவன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்று ஒரு கேள்வியை எழுப்பி விடை தருகிறார். குறை கண்ணுக்குத் தெரிவதானால், உதாரணமாக ஒற்றைக் கண் குதிரையானால், விலையை அதற்கேற்பக் குறைத்தால் போதும். வாய்விட்டுச் சொல்லும் கட்டாயம் இல்லை. குறை மறைவானதாகவும் வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்கக் கூடியதாகவும் இருந்தால், சொல்லாமல் விற்பது மோசடி. நட்டத்தை ஈடுசெய்யும் கடமையும் விற்றவனைச் சாரும். இடிந்து விழும் நிலையில் உள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

பற்றரியின் குறை எத்தகையது? ஒற்றைக் கண் குதிரையைப் போன்றதன்று. உள்ளே சுவர் வெடித்து வெளியே வெள்ளை பூசிய வீட்டைப் போன்றது. பளபளக்கும் நீல நிறப் பிளாஸ்ரிக் உறைக்குள் எந்தக் கலம் எவ்வளவு நலிந்தது என்பதை அந்தத் தாய் பார்த்து அறிய முடியாது. எனவே சொல்லும் கடமை முழுவதும் அவன்மேல் விழுகிறது.

"எனக்கே தெரியாதே, நான் எப்படிச் சொல்வது?" என்று அவன் கேட்கலாம். குறையை அறியாது விற்றவன் பாவம் செய்யவில்லை, அறிய வந்ததும் ஈடுசெய்தல் வேண்டும் என்று அக்குவினாஸ் கூறுவது உண்மை. ஆனால் ஒழுக்க இறையியல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கும். வெல்ல முடியாத அறியாமை ஒன்று. முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை மற்றொன்று. ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றையும், அது உண்மையில் கொள்ளும் அளவையும், உள்தடையையும் அளக்கக் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அளக்கும் வழி இருந்தும் அளக்காதவன் அறியாதவன் அல்லன், அறிய மறுத்தவன்.

அடுத்து, அவன் எல்லாவற்றையும் அளந்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான்; ஆபத்து அதிகம் என்றும் சொல்லிவிட்டான். அவளோ "பரவாயில்லைத் தம்பி, தாருங்கோ" என்கிறாள். இப்போது அவன் கை கழுவலாமா?

கழுவ முடியாது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, தேவை நெரிக்கும்போது தரும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. வெள்ளத்தில் அகப்பட்டவன் எந்தத் தோணியிலும் ஏறுவான். அதனால் ஓட்டைத் தோணியை ஓட்டியவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா? இரண்டாவது, அவள் தன் பங்குக்கே சம்மதிக்கலாம். அந்த அறையில் உறங்கும் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. ஓலைக் கூரைக்கு அப்பால் உள்ள அயலவர் சம்மதிக்கவில்லை. பழைய ஏற்பாட்டின் சட்டம் இதிலே மிகத் தெளிவானது. புதுவீடு கட்டுபவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்டம். குழியைத் தோண்டி மூடாது விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது யாத்திராகமம். விழுந்தவன் கவனமாக நடந்திருக்கலாம் என்று அங்கே வாதிட இடமில்லை. ஆபத்தை உண்டாக்கியவனே அதற்குச் சுவரும் கட்ட வேண்டும்.

அப்படியானால் தடைசெய்வதா?

இவ்வளவும் சொன்னபின், நியூயோர்க்கைப் போல் நாமும் தடைசெய்துவிட்டால் மனச்சாட்சி அமைதியடையுமா? அவசரப்படக்கூடாது. நியூயோர்க்கில் தடைக்குப் பின்னும் சுவரில் மின்சாரம் இருக்கிறது. மின்வெட்டும் புயலும் வரும் இரவில் அந்தத் தாய் எதை நோக்கித் திரும்புவாள்? குப்பி விளக்கை நோக்கி. குப்பி விளக்கும் சாய்ந்து வீட்டை எரித்ததுண்டு. அதன் புகையும் பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுப்பதே. ஆபத்தே இல்லாத ஒரு வாழ்வு அவள்முன் வைக்கப்படவில்லை. பாதுகாப்பின் பெயரால் கதவை அடைத்துவிட்டு, வெளியே நிற்பவள் என்ன செய்கிறாள் என்று பாராதிருப்பதும் ஒருவகைக் கைகழுவலே. பிலாத்துவும் சட்டத்துக்குட்பட்டே கை கழுவினான்.

ஆக, நேர்வழி இரண்டு தவறுகளுக்கும் இடையே செல்கிறது. "பழையது, எறி" என்பது ஒரு தவறு. "ஏழைதானே, இது போதும்" என்பது மற்றத் தவறு. முன்னது பொருளை அவமதிக்கிறது. பின்னது ஆளை அவமதிக்கிறது. இரண்டில் பின்னதே கொடியது. ஏனெனில் ஏழைக்குக் குறைந்த கொள்ளளவு போதும் என்று சொல்லலாம். குறைந்த பாதுகாப்புப் போதும் என்று எவரும் சொல்லலாகாது. விளக்கு நான்கு மணிநேரம் எரிந்தாலென்ன, எட்டு மணிநேரம் எரிந்தாலென்ன, அதை விலையில் குறைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் உயிரை விலையில் குறைக்க முடியாது.

இதிலிருந்து அந்த இளைஞனின் கடமைகள் தாமாகவே வெளிவருகின்றன. வீங்கிய, கசிந்த, நசுங்கிய கலத்தை அவன் தொடலாகாது. மிக ஆழமாக வெறுமையாகிக் கிடந்ததையும் சேர்க்கலாகாது. வெவ்வேறு வகையும் வெவ்வேறு வயதும் உள்ள கலங்களை ஒன்றாகக் கட்டலாகாது. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணித்து, எல்லை கடக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பி.எம்.எஸ். கருவியும் தகுந்த பியூசும் இன்றி ஒரு பெட்டியும் அவன் கடையை விட்டுப் போகலாகாது. அக்கருவிக்கு ஆகும் செலவைக் குறைத்து விலையை மலிவாக்குவது தருமம் அன்று. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியை மலிவாகக் கட்டிக் கொடுப்பதற்கு அது சமம். சூடு தாங்குவதில் மேலானதும் கோபால்ட் இல்லாததுமான இரும்புப் பொஸ்பேற் வகை கிடைக்கும் இடத்தில் அதையே தெரிந்துகொள்வது நலம். அதுவும் முறைகேடாகக் கையாண்டால் எரியும் என்பதை மறக்கக்கூடாது.

கொடுத்த பின்னும் கடமை முடிவதில்லை. பெட்டியைப் படுக்கையறையிலும் வாசல் வழியிலும் வையாது, சீமெந்துத் தரையில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்கவும், தகரக் கூரையின் சூடு நேரே தாக்காமல் பார்க்கவும், புகை கண்டால் பொருளைக் காப்பாற்ற முனையாது பிள்ளைகளுடன் வெளியேறவும் அவன் அந்தத் தாய்க்குக் கற்பிக்க வேண்டும். கலங்கள் எங்கிருந்து வந்தன, எந்நாளில் அளக்கப்பட்டன, எவ்வளவு கொள்ளும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரியிலிருந்து பெரிய பற்றரிகளுக்கு ஒரு 'கடவுச்சீட்டு' வேண்டுமென்று சட்டம் செய்திருக்கிறது. அங்கே சட்டம் கேட்பதை இங்கே மனச்சாட்சி கேட்கட்டும். இறுதியில், பெட்டி முற்றாகத் தேய்ந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். குப்பை மேட்டில் எரியவோ குளத்தங்கரையில் புதையவோ விடுவது, குழியை மூடாது விட்டவனின் செயலே.

"இப்படியெல்லாம் செய்தால் என்ன இலாபம் வரும்?" என்பான் அவன். நியாயமான கேள்வி. நேர்மையாகச் செய்பவன் பட்டினி கிடக்க, ஏமாற்றுபவன் மலிவாக விற்றுச் செழிப்பது இத்தொழிலில் மட்டும் உள்ள கொடுமையன்று. இதற்கு விடை தனியொருவனிடம் இல்லை, சமூகத்திடம் இருக்கிறது. அளக்கும் கருவிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஒரு தொழிற்பயிற்சி நிலையமோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு தொகுதியை வைத்திருக்கலாம். நமது பங்கு இளைஞர் மன்றங்களும் வின்சென்ட் டி போல் சபையினரும், ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அரிசிப் பொதி கொடுக்கும் அதே மனத்துடன் ஒரு பி.எம்.எஸ். கருவியின் விலையையும் பொறுக்கலாம். வசதி படைத்தோர் தம் பழைய பற்றரியை ஆலயத்துக்குத் தானமாகக் கொண்டுவரும்போது அதனுடன் அதன் உண்மையையும் கொண்டுவரட்டும்: எத்தனை ஆண்டு பாவித்தது, எப்போதாவது விழுந்ததா, வெள்ளத்தில் நனைந்ததா என்று. உண்மையை மறைத்த தானம் அந்த வீட்டுக்குள் அனுப்பும் ஆபத்து.

"உன் பிள்ளை உறங்கும் வீட்டில் இதை வைப்பாயா?" என்று அந்த இளைஞனைக் கேட்பது நல்ல சோதனை, ஆண்டவர் தந்த பொன்விதியும் அதுவே. ஆயினும் துணிச்சல்காரன் தன் வீட்டிலும் வைப்பான். வன்னியிலே போரும் இடப்பெயர்வும் நம்மில் பலரை ஆபத்துக்குப் பழக்கிவிட்டன. ஆகையால் பொன்விதியோடு அளவுகோலும் வேண்டும். அன்போடு வோல்ற்மானியும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. வலுக் குறைந்த கலத்தை அளந்து, எதற்கு உதவும் என்று தெரிந்து பயன்படுத்துவது பொருளுக்குத் தகும். மனிதருக்கு அந்த அளவுகோல் தகாது. போரில் காலை இழந்தவரும், முதுமையில் தளர்ந்தவரும், கைம்பெண்ணும் 'இன்னும் எத்தனை வீதம் உதவுவர்' என்று எண்ணப்பட வேண்டியவர் அல்லர். அவர்கள் இறைவனின் சாயலாக முழுமையாக நிற்பவர்கள். அதனால்தான், கழித்துவிட்ட பற்றரியை அந்தத் தாயின் வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்றாலும், கழித்துவிட்ட கவனத்தை அங்கே கொண்டுபோக நமக்கு உரிமையில்லை.